லேண்ட்ஸ்கேப்: இயற்கைக் காட்சியா, நிலக்காட்சியா?

ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்கப் போனால் வரும் கேள்வி: ‘லேண்ட்ஸ்கேப்பா, போர்ட்ரெய்ட்டா?’ தாள் படுத்திருக்க வேண்டுமா, நிற்க வேண்டுமா என்கிறார்கள். கணினித் தமிழில் இதற்கு அகலவாக்கு, நீளவாக்கு என்று நல்ல சொற்கள் வந்துவிட்டன. அடுக்குமாடி விளம்பரங்களில் அதே லேண்ட்ஸ்கேப் புல்தரையும் செயற்கை நீரூற்றும் ஆகிவிடுகிறது. அங்கே தோட்ட அமைப்பு என்றால் போதும். ஓவியத்துக்கு வரும்போதுதான் சிக்கல். இயற்கைக் காட்சி, நிலக்காட்சி, நிலத்தோற்றம் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். நிலவியல் ஓவியம் என்றுகூட ஓரிடத்தில் படித்தேன். நிலவியல் என்பது பாறையையும் மண்ணடுக்கையும் ஆராயும் துறை, அதை இப்போதே ஒதுக்கிவிடலாம்.

சொல்லை அகராதியில் தேடுவதற்கு முன் ஒரு படத்தைப் பார்ப்போம். ரோம் நகரின் டோரியா பாம்பிலி காட்சியகத்தில் இருக்கும் ‘எகிப்துக்குத் தப்பிச் செல்லுதல்’. இத்தாலிய பரோக் ஓவியத்தைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவரான அன்னிபாலே கராச்சி 1604 வாக்கில் வரைந்தது. கர்தினால் பியெத்ரோ ஆல்தொப்ராந்தினி தம் மாளிகைச் சிற்றாலயத்துக்காகச் சொல்லிச் செய்வித்த ஆறு படங்களில் ஒன்று. மேல் விளிம்பு அரைவட்டமாக வளைந்திருக்கும், அகலம் 2 மீட்டருக்கு மேல். (பரோக் என்ற சொல், கோணல்மாணலான முத்தைக் குறித்த போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அது ஒரு காலத்தின் பெயர், அதை மொழிபெயர்க்கத் தேவையில்லை.)

கதை மத்தேயு நற்செய்தியின் 2ஆம் அதிகாரம். ஏரோது மன்னன் குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடுவான் என்று கனவில் எச்சரிக்கை வர, யோசேப்பு எழுந்து இரவிலேயே தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகிறார். 13 முதல் 15 வரை, மொத்தம் மூன்றே வசனம். வழியில் என்ன பார்த்தார்கள், எந்த ஆற்றைக் கடந்தார்கள் என்று ஒரு வரி கிடையாது. கழுதைகூட நற்செய்தியில் இல்லை.

கராச்சியின் படத்தில் முதலில் கண்ணில் படுவது கோட்டை. நட்டநடுவில், மேட்டின்மேல், கனமாக நிற்கிறது. பிறகு ஆறு, படகோட்டி, ஆடுகள், வானில் பறவைகள். அப்புறம்தான் கீழே, குழந்தையை ஏந்தி நடக்கும் மரியாளும் கழுதையோடு வரும் யோசேப்பும். படகோட்டி அவர்களை இப்போதுதான் கரையில் இறக்கிவிட்டது போலிருக்கிறது. நற்செய்தியின் இரவு பட்டப்பகலாகிவிட்டது. பாலைவனம் இத்தாலிய ஆற்றங்கரையாகிவிட்டது. தமிழ்க் கணக்கில் சொன்னால், பாலைக்கு உரிய பயணத்தைக் கொண்டுபோய் மருதத்தில் வைத்திருக்கிறார்.

இதை இயற்கைக் காட்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது போகிற போக்கில் கண்ட ஓர் இடம் அல்ல. சரிவுகளும் மரங்களும் ஆற்றின் வளைவும் பார்ப்பவரின் கண்ணை எங்கே கொண்டுபோக வேண்டுமோ அங்கே கொண்டுபோகும்படி பட்டறையில் உட்கார்ந்து அடுக்கியது. அதோடு நடுநாயகமாக நிற்பது மனிதன் கட்டிய கோட்டை. ‘இயற்கை’ என்று தலைப்பிலேயே போட்டுவிட்டால் கோட்டையை எங்கே வைப்பது?

மூலச்சொல்லிலும் இயற்கை இல்லை. லேண்ட்ஸ்கேப் டச்சு மொழியின் ‘லாண்ட்ஸ்காப்’பிலிருந்து வந்தது. அங்கே அதன் பழைய பொருள் ஒரு நிலப்பகுதி, ஒரு வட்டாரம். நம் கல்வெட்டுகளில் வரும் நாடு, கூற்றம் போல ஆட்சி வாடை அடிக்கும் சொல். நெதர்லாந்தின் திரெந்தே என்ற பகுதி வெகுகாலம் லாண்ட்ஸ்காப் திரெந்தே என்றே அழைக்கப்பட்டது. ஃபிரெண்ட்ஷிப்பில் உள்ள ‘ஷிப்’பும் இந்த ‘ஸ்காப்’பும் ஒரே குடும்பம். ஃபிரெஞ்சுக்காரர்களின் ‘பெய்ஸாஜ்’, இத்தாலியரின் ‘பயெஸாஜ்ஜோ’ இரண்டும் நாடு, ஊர் என்ற பொருளுள்ள சொற்களிலிருந்து கிளைத்தவை. ஆக எல்லோருக்கும் அடிப்படை நாடுதான்.

வட்டாரத்தைக் குறித்த சொல் வட்டாரத்தின் படத்துக்கு எப்போது தாவியது? 1521இல் நெதர்லாந்துப் பகுதியில் பயணம் செய்த ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், யோவாகிம் பாதினிர் என்பவரை ‘நல்ல லாண்ட்ஷாஃப்ட் ஓவியர்’ என்று தம் குறிப்பேட்டில் எழுதினார். அந்தப் பாதினிரும் எகிப்துப் பயணத்தை வரைந்தவர்தான். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பலகையில் பாறையும் பள்ளத்தாக்குமாக வரைந்து, திருக்குடும்பத்தை அதில் எறும்பு போல நடக்கவிட்டார். ஆங்கிலத்துக்குள் சொல் போனது 1600ஐ ஒட்டி. அப்போது அதற்கு ‘அவ்வகைப் படம்’ என்றுதான் பொருள். கண்முன் நிற்கும் மலைக்கும் வயலுக்கும் அதே பெயரைச் சொல்வது பின்னால் வந்த பழக்கம். படம் முந்தி, நிலம் பிந்தி.

அதனால்தான் நிலக்காட்சி எனக்குப் பிடித்திருக்கிறது. காட்சி என்றாலே காண்பவர் ஒருவர் இருக்கிறார். நிலத்தோற்றம் என்பதைப் புவியியல் பாடநூல்கள் மலை, பீடபூமி, டெல்டா என்று எடுத்துக்கொண்டுவிட்டன, அது அங்கேயே இருக்கட்டும். இன்னொரு வசதியும் உண்டு. ஆங்கிலத்தில் ‘ஸ்கேப்’ என்ற வாலை மட்டும் வெட்டி எடுத்துக் கடலுக்கும் நகரத்துக்கும் ஒட்டிக்கொண்டார்கள். நாமும் கடற்காட்சி, நகரக்காட்சி என்று நீட்டலாம். இயற்கைக் காட்சியை வைத்துக்கொண்டு நகரத்துக்குள் நுழையவே முடியாது.

திணை ஓவியம் என்று சொன்னால் என்ன என்று தோன்றலாம். எனக்கும் ஆசை வந்தது. ‘முதல் எனப்படுவது நிலம் பொழுது இரண்டின் இயல்பு’ என்கிறது தொல்காப்பியம். நிலத்தோடு பொழுதையும் சேர்த்தே நினைத்த மரபு. இதற்குப் பொருத்தமான ஓவியர் ஆதம் எல்ஸ்ஹைமர். ஜெர்மனியில் பிறந்து ரோமில் வாழ்ந்த இவர், 1609இல் அதே எகிப்துப் பயணத்தை 31 × 41 செ.மீ. செப்புத் தகட்டில் வரைந்தார். இப்போது மியூனிக்கில் இருக்கிறது. நற்செய்தி சொன்ன இரவை இவர் விட்டுவிடவில்லை. யோசேப்பின் கையில் ஒரு தீப்பந்தம், ஒரு பக்கம் இடையர்கள் மூட்டிய நெருப்பு, மறுபக்கம் முழுநிலா, அது விழுந்து கிடக்கும் அசையாத நீர். மேலே பால்வீதி, வெறும் வெண்புகையாக இல்லாமல் புள்ளி புள்ளியான விண்மீன்களாக. பொழுது இல்லாவிட்டால் இந்தப் படமே இல்லை. ஆனாலும் திணை என்பது வேறு. அதில் நிலத்துக்கு இன்ன உணர்வு என்ற ஒப்பந்தம் இருக்கிறது. பிரிவு என்றால் பாலை, பாலை என்றால் நண்பகல். எல்ஸ்ஹைமரின் யாமத்தை அதில் உட்காரவைத்தால் அது குறிஞ்சிக்குப் போய்விடும். அழகான சொல், தப்பான இடம்.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு மரபும் கைகோத்துக்கொள்கின்றன. நிலமும் பொழுதுமான முதற்பொருளைவிட அங்குள்ள உயிர்களும் பொருள்களுமான கருப்பொருளும், அதைவிட மாந்தர் உணர்வான உரிப்பொருளும் சிறந்தவை என்று உரைகாரர்கள் சொல்வார்கள். பாரிஸில் 1660களின் இறுதியில் கலை எழுத்தாளர் ஆந்த்ரே ஃபெலிபியென் ஓவிய வகைகளைத் தரம் பிரித்தபோதும் மாந்தர் கதையைச் சொல்லும் படங்கள் மேலே, நிலக்காட்சி கீழே. நிலத்தை வரைய ஆசைப்பட்டவர்கள் ஓரத்தில் இரண்டு விவிலிய மாந்தரை நிறுத்தியதற்கு இந்த மதிப்பும் ஒரு காரணம்.

ஃபிரெஞ்சு ஓவியர் கிளோத் லொரேனின் 1648ஆம் ஆண்டுப் படம் ஒன்று லண்டன் தேசியக் காட்சியகத்தில் இருக்கிறது. ஆறு, ஆலை, மரநிழலில் ஆட்டம் பாட்டம். மரத்தின் அடிக்கட்டையில் ‘ஈசாக்கு ரெபெக்காள் திருமணம்’ என்று ஃபிரெஞ்சில் எழுதியிருக்கிறார். அந்த எழுத்து இல்லாவிட்டால் யார் கல்யாணம் என்று ஒருவருக்கும் தெரியாது. ஏறத்தாழ இதே அமைப்பில் அவர் வரைந்த இன்னொரு படம் கராச்சியின் படம் இருக்கும் அதே டோரியா பாம்பிலியில் உண்டு. அதற்கு ஆலை என்றே பெயர்.

இத்தகைய தலைப்புகளைத் தமிழில் எழுதும்போது ஓர் எச்சரிக்கை. ‘எகிப்துக்குத் தப்பிச் செல்லும் நிலக்காட்சி’ என்று எழுதினால் நிலமே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். ‘தப்பிச் செல்லும் காட்சி கொண்ட நிலக்காட்சி’ என்றால் காட்சி இரண்டு முறை வந்து இடிக்கும். வேற்றுமை உருபு ஒன்றே போதும்: ‘நிலக்காட்சியில் எகிப்துப் பயணம்’, ‘நிலக்காட்சியில் ஈசாக்கு ரெபெக்காள் திருமணம்’.