தைக்காமல் விட்ட காயம்

போன ஆடியில் வீட்டுக்குப் பெயிண்டு அடித்தோம். வந்தவர் பவானிசாகர் முகாம்காரர். அந்த இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து நிறையப் பேர் இந்த வேலைக்குத்தான் போகிறார்கள். எங்கள் புளியம்பட்டிப் பக்கம் புது வீடு எது கட்டினாலும் அவர்கள் கை படாமல் இருக்காது. தரையில் சொட்டாமல் இருக்கத் தறிக்குடோனில் கிடந்த பழைய காடாத் துணியை (தறியிலிருந்து இறக்கி வெளுக்காத பருத்தித் துணி) விரித்துக் கொடுத்தேன். மதியம் ஏணியை விட்டு இறங்கி, சாரத்தை மடித்துக் கட்டி அவர் திண்ணையில் உட்கார்ந்தபோதுதான் அந்தத் தழும்பு கண்ணில் பட்டது. வலது தொடையின் வெளிப்பக்கம் ஒரு சாண் நீளம். நடுவில் சதை கொஞ்சம் உள்வாங்கி, மேலே தோல் மினுமினுவென்று இருந்தது.

"ஷெல்லுங்களாண்ணா?"

"ஓம் தம்பி. தொண்ணூற்றொண்டு. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலதான் பாத்தவை. வெட்டிக் கழுவிப்போட்டுத் தைக்காமலே விட்டிட்டினம். அஞ்சு நாள்! அம்மா டொக்டரோட சண்டை பிடிச்சவா. இவ்வளவு பெரிய குழி, தைக்காமல் துணியை வச்சு மூடினா எப்பிடி எண்டு."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"வடியட்டும் அம்மா எண்டார். அவ்வளவுதான். ஏனெண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்ல."

நான் மருத்துவன் இல்லை. தறி ஓட்டுகிற குடும்பம். ஆனால் அவர் கேள்விக்கான பதிலில் பாதி துணிக்குள்தான் இருக்கிறது என்பது தேடிப் படித்த பிறகு தெரிந்தது.

தோட்டத்தில் அரிவாள் பட்டால் என்ன செய்கிறோம்? துண்டை இறுக்கிக் கட்டி, அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடி, நாலு தையல் போட்டு, டிடி ஊசியும் போட்டுக்கொண்டு வருகிறோம். அரிவாள் போட்டது நேர்க்கோடு. இரண்டு பக்கமும் உயிருள்ள சதை. கழுவிச் சேர்த்து வைத்தால் ஒட்டிக்கொள்ளும். குண்டுக்காயத்தையும் இதே கண்ணால் பார்ப்பதில்தான் தப்பு நடக்கிறது.

ஒரு பொருள் உடம்பில் கொண்டுவந்து கொட்டும் ஆற்றல், அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கைத்துப்பாக்கித் தோட்டா நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். ஏகே-47 தோட்டா சுமார் 700 மீட்டர். எடை ஒன்றே என்று வைத்துக்கொண்டால், வேகம் இரண்டு மடங்கானதும் ஆற்றல் நாலு மடங்காகிவிடும். வேகமான தோட்டா உள்ளே போய்ப் புரளும்போது சுற்றியுள்ள சதையைத் தள்ளி, சில மில்லிநொடிகளுக்கு ஒரு பெரிய வெற்றிடத்தை உண்டாக்குகிறது. வெற்றிடம் உடனே மூடிக்கொள்ளும். ஆனால் அந்த இழுவையில் சட்டைத் துணியும் மண்ணும் உள்ளே போய்விட்டிருக்கும். சுற்றுச் சதை நசுங்கி, ரத்த ஓட்டம் அறுந்து செத்திருக்கும். வெளியே பார்த்தால் ஒரு ரூபாய் நாணயம் அளவு ஓட்டை, உள்ளே குடம். வெடித்துச் சிதறும் ஷெல்லின் துண்டு வேறு மாதிரி. கரடுமுரடான இரும்புச் சில்லு, சீக்கிரம் வேகம் இழந்துவிடும். அதனால் காயம் வாயில் அகலமாகவும் உள்ளே போகப்போகக் குறுகலாகவும் இருக்கும். இன்றைய போர்களில் ஊருக்குள் இருக்கும் பொதுமக்கள் மேல் பெரும்பாலும் பாய்வது இந்தச் சில்லுகள்தான். அழுக்கு இரண்டிலும் ஒன்றே.

அழுக்கு என்றால் சாதாரண அழுக்கு இல்லை. நம் தோட்டத்தில் தொழுவுரம் போடுகிறோம், ஆட்டுப்பட்டி அடைக்கிறோம். அந்த மண்ணில் கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியாக் குடும்பத்தின் விதைகள் (வித்துகள் என்பது பாடப்புத்தகச் சொல்) கோடிக்கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும். ஆடு மாடுகளின் குடலில் குடியிருப்பவை அவை. காற்று படும் இடத்தில் எழுந்திருக்காது. ரத்தம் ஓடாத செத்த சதை, மேலே இறுக்கமாக மூடிய தோல் என்று காற்றில்லாத இடம் கிடைத்தால் விழித்துக்கொண்டு பெருகும். ஒருவகை டெட்டனஸைக் கொடுக்கும். இன்னொன்று சதைக்குள் வாயுவை உண்டாக்கி அழுக வைக்கும். தோலை அழுத்தினால் விரலுக்கடியில் நறநறக்கும். ஓரிரு நாளில் ஆளே போய்விடலாம்.

இந்தப் பாடத்தை மருத்துவ உலகம் ரொம்பப் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில், வறண்ட புல்வெளியில் பட்ட தோட்டாக் காயங்கள் அதிகம் கத்தி வைக்காமலே ஆறின. சரி, இதுதான் வழி என்று பிரிட்டிஷ் மருத்துவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். 1914-இல் அதே பழக்கத்தோடு பெல்ஜியத்துக்கும் பிரான்சுக்கும் போனார்கள். அங்கே பதுங்குகுழி வெட்டியது தலைமுறை தலைமுறையாக எரு போட்ட வயல்களில். காயத்தை மூடி வைத்தவர்களில் நிறையப் பேருக்குச் சதை அழுகியது.

கிருமிநாசினி ஊற்றிக் கழுவினால் போதாதா? இதைச் சோதித்துப் பார்த்தவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். பென்சிலினுக்கு (1928) முந்தைய ஃபிளெமிங். பிரான்சின் பூலோன் நகரில் ஒரு சூதாட்ட விடுதியை ராணுவ ஆஸ்பத்திரியாக்கியிருந்தார்கள். அதில்தான் அவருடைய ஆய்வுக்கூடம். ஒரு கண்ணாடிச் சோதனைக் குழாயைச் சூடாக்கி, பக்கங்களில் முள் முள்ளாக இழுத்துவிட்டார். குண்டுக்காயத்தின் சந்துபொந்துகளுக்குப் பதிலாக அந்த முட்கள். கிருமியுள்ள நீரை ஊற்றிக் கொட்டினார். கிருமிநாசினியை நிரப்பி வைத்து, அதையும் கொட்டிவிட்டு, கிருமி வளரத் தோதான சுத்தமான திரவத்தை விட்டார். கிருமிகள் மறுபடி வளர்ந்தன. முள்முனைக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேரவேயில்லை! காசு செலவில்லாத இப்படிப்பட்ட சோதனைகள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

பெல்ஜிய அறுவை மருத்துவர் அந்துவான் தெபாஜ் போன்றவர்கள் எடுத்த வழி கத்தி. செத்த சதை முழுவதையும் வெட்டி எறி, காயத்தைத் திறந்தே விடு, சில நாள் கழித்து மூடு. செஞ்சிலுவைச் சங்கத்தின் போர் அறுவை மருத்துவர்கள் இன்றும் செய்வது இதைத்தான். எது செத்த சதை என்று பார்க்க அவர்களுக்கு நாலு அடையாளம்: நிறம், பதம், கிள்ளினால் துடிக்கிறதா, வெட்டினால் ரத்தம் கசிகிறதா. கருத்துப்போய், களிபோலக் குழைந்து, இடுக்கியால் கிள்ளினாலும் அசையாத சதை போக வேண்டியதுதான். ஆன்டிபயாட்டிக் இருக்கிறதே என்று கேட்கலாம். மருந்து போவது ரத்தத்தின் வழியாக. ரத்தமே போகாத சதைக்குள் அது எப்படிப் போகும்?

வெட்டிச் சுத்தம் செய்த பிறகும் தைக்காமல் விடுவதற்கு இன்னொரு காரணம் வீக்கம். அடிபட்ட சதை அடுத்த சில நாள் நீர் கோத்து வீங்கும். மேலே தோலை இழுத்துத் தைத்துவிட்டால் வீங்க இடமில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறி, மிச்சமிருக்கும் நல்ல ரத்த ஓட்டத்தையும் நெரித்துவிடும். நீரும் வெளியே வர வேண்டும். அண்ணனின் அம்மாவிடம் டாக்டர் சொன்ன "வடியட்டும்" அதுதான்.

இனி நம் தொழிலுக்கு வருவோம். கட்டுத்துணிக்குப் பேர்போன ஊர் ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டி. நம் சோமனூர், பல்லடம் பக்கத் தறிகளில் ஓடுவது காடா. இரண்டும் பருத்திதான், இரண்டும் ஒன்று விட்டு ஒன்று ஏறி இறங்கும் சாதா நெசவுதான். வித்தியாசம் எங்கே? ஒரு டம்ளர் தண்ணீரில் காடாத் துணித் துண்டு ஒன்றையும், மருந்துக்கடையில் வாங்கிய காஸ் (புண்ணுக்கு வைக்கும் சல்லடை போன்ற கட்டுத்துணி) துண்டு ஒன்றையும் போட்டுப் பாருங்கள். காடா மிதக்கும். காஸ் கண் சிமிட்டுவதற்குள் நனைந்து அடியில் போய்விடும். மருந்துக்கடைப் பஞ்சுக்கு இதுதான் தரச் சோதனையே: 10 நொடிக்குள் மூழ்க வேண்டும்.

பஞ்சு இழையின் மேல் இயற்கையாகவே மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. செடியில் மழைக்கு நனையாமல் இருக்க அது காப்பு. காடாவில் அந்த மெழுகு அப்படியே இருக்கிறது, நீளவாக்கில் ஓடும் பாவு நூலில், தறியில் அறாமல் இருக்கப் போடும் சைசிங் கஞ்சி வேறு. காஸைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து மெழுகை உரித்து, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுக்கிறார்கள். மெழுகு போன செல்லுலோஸுக்குத் தண்ணீர் என்றால் உயிர். இழைகளுக்கு நடுவிலுள்ள நுண்ணிய சந்துகள் வழியே தண்ணீர் தானாக ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற அதே கதை. இப்படி வெந்த பஞ்சு தன் எடையைப்போல் 20 மடங்குக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். நெசவும் வேறு. காடாவில் அங்குலத்துக்குப் பாவு இழை அறுபதைத் தாண்டும். ஆஸ்பத்திரி காஸில் பரவலாகக் காணும் ஒரு வகைக்கு அங்குலத்துக்கு 20 பாவு, குறுக்கே 12 ஊடை. எங்கள் தறிக்காரர் பார்த்தால் "இது துணியா, கொசுவலையா?" என்பார். அந்த ஓட்டைகள்தான் அதற்கு வேண்டும்.

ஆகவே போர்க்காயத்தில் காஸ் மூடி இல்லை, திரி. அதை வைப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. மடித்து அடுக்கி இறுக்கித் திணித்தால் புட்டிக்கு அடைப்பு வைத்த மாதிரி ஆகிவிடும். நீர் உள்ளேயே தேங்கும். காஸை உதறி, கசக்கி, புசுபுசுவென்று ஆக்கிக் குழிக்குள் லேசாக வைக்கிறார்கள். மேலே பஞ்சு, அதற்கு மேல் தளர்வான கட்டு. நீர் கீழிருந்து மேலே ஏறி வெளிப்பக்கம் உலர, உலர்ந்த இடத்துக்கு மறுபடி ஏறும்.

அப்புறம் கட்டைத் தொடக் கூடாது. இதுதான் எல்லோருக்கும் கஷ்டம். கட்டு மஞ்சளாக ஊறி, லேசாக வாடை அடிக்கும்போது சொந்தக்காரர்கள் கத்துவார்கள், புதிதாக வந்த நர்ஸுக்குக் கை பரபரக்கும். ஆனால் வார்டில் கட்டைப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிக் கிருமிகளுக்குக் கதவு திறக்கிறோம். ஒட்டிய காஸை உரிக்கும்போது புதிதாக முளைக்கும் திசுவும் கூடவே வருகிறது. காய்ச்சல் ஏறினாலோ, அழுகல் நாற்றம் வந்தாலோ ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோவார்கள். இல்லாவிட்டால் நாலைந்து நாள் அப்படியே. அதற்குப் பிறகு மயக்கம் கொடுத்துப் பிரித்து, உள்ளே சுத்தமாகச் சிவந்திருந்தால் தைத்து மூடுகிறார்கள். ஒரு வாரம் தாண்டிவிட்டால் ஓரங்கள் இறுகிவிடும், இழுத்துச் சேர்க்க வராது. வேறு இடத்துத் தோலை ஒட்ட வேண்டும். முகமும் தலையும் இதற்கு விலக்கு. ரத்த ஓட்டம் அங்கே அவ்வளவு செழிப்பு.

இதே காஸை நேர்மாறாக, இறுக்கித் திணிக்கும் ஒரு சமயமும் உண்டு. அடிபட்ட முதல் நிமிடங்களில், ரத்தம் பீய்ச்சும்போது, துணியைக் காயத்தின் அடிவரை விரலால் தள்ளி நிரப்பி, மேலே முழு எடையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் அது அடைப்பான். உறையும் வேலையை வேகப்படுத்த, கயோலின் என்ற வெள்ளைக் களிமண் ஏற்றிய காஸ் 2008 முதல் அமெரிக்கப் படைகளிடம் இருக்கிறது. ரத்தத்தில் பன்னிரண்டாம் காரணி என்று ஒரு புரதம். எதிர்மின்னேற்றம் உள்ள பரப்பைத் தொட்டதும் அது விழித்து, உறைதல் சங்கிலியைத் தொடங்கிவைக்கும். களிமண் கொடுப்பது அந்தப் பரப்பைத்தான். வைத்து 3 நிமிடம் கையை எடுக்காமல் அழுத்த வேண்டும் என்பது விதி. வெறும் காஸ் என்றால் இன்னும் அதிக நேரம். துணிக்கு எடை கூட்டக் கஞ்சியில் சீனக் களிமண் கலக்கும் பழைய வித்தை நம் தொழிலில் உண்டு. அந்தச் சீனக் களிமண்தான் கயோலின்.

முதலில் இறுக்கி, பிறகு தளர்த்தி என்ற இந்த முறை போர்க்காலத்துக்கு ஏன் பொருந்துகிறது என்றால், இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரே ராத்திரியில் ஐம்பது பேர் வந்து விழும் இடத்தில் ஒருவருக்கு இரண்டு ஆபரேஷன், நடுவில் அமைதி என்று கணக்குப் போட முடியும். மயக்கத்துக்கு 1962-இல் முதலில் தயாரித்த கெட்டமின் இருக்கிறது. அதைப் போட்டால் பெரும்பாலும் மூச்சு நிற்பதில்லை, ரத்த அழுத்தம் விழுவதில்லை. ஆக்சிஜன் சிலிண்டர் வந்து சேராத ஊரிலும் கத்தி வைக்கலாம்.

வேண்டியது நேரமும், ஐந்து நாள் குண்டு விழாத ஒரு கட்டிலும். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி 1990-இன் கடைசியிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பில் இருந்தது. அண்ணனுக்கு அந்தக் கட்டில் கிடைத்தது. 2009-இல், போரின் கடைசி மாதங்களில், முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் புதுமாத்தளனில் ஒரு பள்ளிக்கூடமே ஆஸ்பத்திரி. சேலைகளை மூட்டையாகத் தைத்து மண் நிரப்பிப் பதுங்குகுழிக்கு அணை கட்டிய காலம் அது. பிப்ரவரி முதல் மே வரை காயப்பட்டவர்களும் நோயாளிகளும் கூட வந்த சொந்தக்காரர்களுமாக 13,000-க்கும் மேற்பட்டோரைச் செஞ்சிலுவைச் சங்கம் கடல் வழியாக வெளியே கொண்டுவந்தது. கடற்கரையில் கப்பலுக்குக் காத்திருந்த ஒவ்வொரு நாளும் வெட்டியெறிய வேண்டிய சதை கூடிக்கொண்டே போயிருக்கும்.

இதையெல்லாம் சாயங்கால டீ நேரத்தில் அண்ணனிடம் சொல்லி, டம்ளர் வித்தையையும் செய்து காட்டினேன். காஸ் மூழ்குவதைக் குனிந்து பார்த்தார். பிறகு தரையில் விரித்திருந்த காடாவின் மேல் டம்ளரிலிருந்து ஒரு சொட்டு விட்டார். அது முத்துப்போல் உருண்டு நின்றது.

"அப்ப இது காயத்துக்கு உதவாது?"

"ஆகாதுங்ணா."

"பெயிண்டுக்குக் காணும்," என்று பிரஷை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.