சுட்ட வசம்பும் நாலு செட் குரோமோசோமும்

பிரசவத்துக்காகக் காரைக்குடியில் தாய் வீட்டுக்கு வந்திருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "பிள்ளை ராத்திரியெல்லாம் அழுகிறது. வசம்பைச் சுட்டு, கல்லில் இழைத்து நாக்கில் தடவச் சொல்கிறார்கள் எங்கள் ஆயா. டாக்டர் கூடவே கூடாது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?"

டாக்டர் பேச்சை. ஆனால் ஆயாவும் காரணமில்லாமல் சொல்லவில்லை. வசம்புக் கிழங்கின் எண்ணெயில் அசரோன் என்ற பொருள் இருக்கிறது. தூக்க மருந்தோடு அதையும் சேர்த்துக் கொடுத்தால் ஆய்வக எலிகள் வழக்கத்தைவிட நெடுநேரம் தூங்குகின்றன.

அசரோனில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை. அணுக்கள் அதேதான், ஓர் இரட்டைப் பிணைப்பின் இரு முனைகளும் எதிரெதிரே நீண்டிருந்தால் ஆல்ஃபா, ஒரே பக்கம் மடங்கியிருந்தால் பீட்டா. வம்பு பீட்டாவில்தான். 1960களில் ஜம்மு வசம்பு எண்ணெயைத் தொடர்ந்து தின்ற எலிகளின் குடலில் புற்றுக்கட்டிகள் வந்தன. 1968-ல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டது.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். எல்லா வசம்பிலும் பீட்டா ஒரே அளவில் இல்லை. அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது குரோமோசோம், அதாவது செல்லுக்குள் பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் இழைகளின் எண்ணிக்கை! வட அமெரிக்க வசம்புக்கு 24, அதாவது இரண்டு செட். அதில் பீட்டா கிடையாது. ஐரோப்பிய வசம்புக்கு 36, மூன்று செட்; கொஞ்சம் உண்டு. விதை வைக்க வேண்டுமானால் செட்டுகளைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும்; மூன்று செட்டை அப்படிப் பங்கு போட முடியாதே, அதனால் அது விதையே வைக்காமல் கிழங்கு ஒடிந்து ஒடிந்துதான் பரவுகிறது. நம் பக்கத்து வசம்புக்கு 48, நாலு செட். சில கிழங்குகளின் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் பீட்டாதான். பார்வைக்கு மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். மேல்நாட்டுக்காரர்கள் ஆபத்தில்லை என்று எழுதியிருந்தால், எந்த வசம்பு என்று முதலில் கேளுங்கள்.

சரி, சுட்டால் போய்விடாதா? மேல்தோல் கரியாகும். நடுவில் எண்ணெய் எவ்வளவு மிஞ்சும் என்பது சுடுகிறவர் கைப்பக்குவம். கைக்குழந்தையிடம் அந்தச் சோதனை வேண்டாம்.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து தேசிய ஆய்வகம் வந்த ஊர் காரைக்குடி. அது மின்வேதியியலுக்கு, வசம்புக்கு அல்ல என்பது தெரியும். ஆனாலும் நாட்டு மருந்துக் கடைக் கிழங்கைச் சுட்டு, மிஞ்சும் பீட்டாவை அளந்து சொல்ல யாராவது ஒரு சின்ன நிதி ஒதுக்கக் கூடாதா?

அப்புறம், வசம்பு வளையல். திருஷ்டியில் எனக்கு நம்பிக்கையில்லை. அதற்காக ஆயாவிடம் சண்டையும் வேண்டாம். ஆனால் பிள்ளை கையை வாயில் வைத்துச் சப்பும். வளையலைக் கழற்றிப் பட்டுச்சேலைப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். பூச்சியை அண்டவிடாததும் அதே பீட்டா அசரோன்தான்.