சுடுவதற்கு முந்தைய ஏழு நிமிடம்

குற்ற வழக்குகள் நடத்துகிற வக்கீல் நான். தற்காப்பு என்ற பேச்சு வாரம் தவறாமல் காதில் விழும். "அவன்தான் முதல்ல கை வச்சான் சார், தடுக்கப் போனேன், பட்டுருச்சு." சரி, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். ஒரு வரப்புத் தகராறில் இப்படிக் கேட்டபோது, எதிரே உட்கார்ந்திருந்தவர் துண்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில், "வீட்டுக்குப் போய் அரிவாளை எடுத்துட்டு வந்தேன்" என்றார். அந்த ஒரு வரியில் வழக்கே வேறாகிவிட்டது.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ட்ரேவான் மார்ட்டின் நினைவுக்கு வருவான்.

2012 பிப்ரவரி 26 மாலை, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் சான்ஃபோர்டு. மழை தூறிக்கொண்டிருந்தது. 17 வயது கறுப்பினப் பையன் ட்ரேவான், கடையில் மிட்டாய்ப் பொட்டலமும் பழரச டின்னும் வாங்கிக்கொண்டு, தங்கியிருந்த வீட்டுக்கு நடந்து வந்தான். ஹூடியால் தலையை மூடியிருந்தான். அந்தக் குடியிருப்பின் தன்னார்வக் காவல் குழுவில் இருந்த 28 வயது ஜார்ஜ் சிம்மர்மேன், வண்டியில் இருந்தபடியே அவனைச் சந்தேகப்பட்டு போலீசுக்குப் போன் செய்தார். பின்னாலேயே போகிறீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். அப்படிப் போக வேண்டியதில்லை என்று பதில் வந்தது. அவர் அதற்குள் வண்டியை விட்டு இறங்கியிருந்தார். இடுப்பில் 9 மி.மீ. கைத்துப்பாக்கி, உரிமத்தோடு. போன் செய்த ஏழெட்டு நிமிடத்தில் அந்தப் பையன் நெஞ்சில் குண்டுபட்டுப் புல்தரையில் கிடந்தான்.

வண்டிக்குத் திரும்பும்போது ட்ரேவான்தான் தாக்கினான், தலையைத் தரையில் மோதினான் என்றார் சிம்மர்மேன். மூக்கிலும் பின்னந்தலையிலும் காயம் இருந்தது. ஆறு வாரத்துக்கு மேல் கைது இல்லை. ஊர் ஊராகப் போராட்டம் வெடித்த பிறகுதான் கொலை வழக்கு வந்தது. 2013 ஜூலை 13 அன்று ஆறு பெண்கள் கொண்ட ஜூரி (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட நடுவர் குழு) அவரை விடுவித்தது.

அந்த ஜூரியை நான் குறை சொல்ல மாட்டேன். தற்காப்பு இல்லை என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் பொறுப்பு அங்கே அரசுத் தரப்புக்கு. வம்பைத் தொடங்கியவர் யார் என்பது பற்றிய சட்டத்தையும் ஜூரிக்கு விளக்கச் சொல்லி அரசுத் தரப்பு கேட்டது; நீதிபதி ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவர் பின்னால் நடந்து போவது மட்டும் குற்றமில்லையே. ஆக, ஜூரி பார்க்க வேண்டியிருந்தது சுட்ட அந்தக் கணத்தை. அதில் உயிர்ப்பயம் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் துப்பாக்கியோடு இருட்டில் இறங்கியது அவருடைய முடிவு. வண்டியிலேயே உட்கார்ந்திருந்தால் அந்தப் பயத்துக்கே இடமில்லை. போலீஸ் வந்துகொண்டுதான் இருந்தது. தண்டனை இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

நம் சட்டம் இந்த இடத்தில் கொஞ்சம் முன்னாலிருந்தே பார்க்கிறது. நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. 37ஆவது பிரிவு அதற்கு வரம்பு கட்டுகிறது: அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை கிடையாது, தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் கூடாது. அடி விழும்போது எவ்வளவு திருப்பி அடித்தோம் என்று தங்கத் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆனால் வீட்டுக்குப் போய் அரிவாளோடு திரும்பி வருகிற நேரத்தில் 112க்கு ஒரு போன் போட்டிருக்கலாம் அல்லவா?

போன் போட்டுவிட்டீர்களா, அப்புறம் கதவைத் தாழிட்டு உள்ளேயே இருங்கள். யார் என்று பார்க்கிறேன் என்று வெளியே இறங்காதீர்கள். உண்மையிலேயே தாக்கப்பட்டிருந்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய், காயம் ஒவ்வொன்றும் ஏ.ஆர். என்கிற மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் ஏறுகிறதா என்று பாருங்கள். அப்புறம் வக்கீலிடம் வரும்போது, அடி விழுந்த நிமிடத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். வீட்டை விட்டு ஏன் கிளம்பினீர்கள் என்பதிலிருந்து சொல்லுங்கள்.