ஒரு கண்ணை மூடிப் பார்த்தீர்களா?

பள்ளிக் கண் பரிசோதனை முகாம்களில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் யாரும் "எனக்குக் கண் தெரியலை" என்று தாமாக வந்து சொல்வதில்லை. பிறந்ததிலிருந்தே மங்கலாகப் பார்க்கும் குழந்தைக்கு உலகமே அப்படித்தான். பக்கத்தில் இருப்பவனுக்கு வேறு மாதிரி தெரிகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

இரண்டு கண்ணும் மங்கல் என்றாலாவது டீச்சர் பிடித்துவிடுவார். அந்தப் பிள்ளை போர்டைப் பார்க்காமல் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும். ஒரு கண் நன்றாக இருந்து மற்றது மட்டும் மங்கல் என்றால் வெளியே ஒன்றும் தெரியாது. ஓடும், விளையாடும், முதல் ரேங்க்கூட வாங்கும். எங்களுக்குப் பயம் இந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான்.

இரண்டு கண்ணின் பவருக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், மூளை தெளிவான படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடும். ஒதுக்கப்பட்ட கண்ணின் பார்வை வளராமலே நின்றுபோகும். இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறோம். மாறுகண்ணாலும் இது வரும். 'மாறுகண் அதிர்ஷ்டம்' என்று பாட்டி சொன்னதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். ஏழெட்டு வயதுக்குள் பிடித்தால் பெரும்பாலும் நன்றாகவே சரியாகும். அதற்குப் பிறகும் முயற்சி செய்யலாம், ஆனால் பலன் குறைந்துகொண்டே போகும். போலீஸ் செலக்‌ஷனுக்கு வரும்போது முதன்முதலாகக் கண்டுபிடித்தால், எந்தக் கண்ணாடி போட்டாலும் அந்தக் கண்ணுக்குப் பரிசோதனை அட்டையின் கடைசி வரிகள் தெரியாது.

அப்புறம், பரிசோதனை செய்யும் விதம். அட்டையிலிருந்து 6 மீட்டர், அதாவது 20 அடி தள்ளி நிற்க வேண்டும். கண்ணை உள்ளங்கையால் மூட வேண்டும். விரலால் மூடினால் இடுக்கு வழியே நல்ல கண் எட்டிப் பார்க்கும். அழுத்தி மூடினால் அந்தக் கண்ணின் முறை வரும்போது சிறிது நேரம் மங்கும். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் முன்னால் இருப்பவன் படிப்பதைக் கேட்டே எழுத்துகளை மனப்பாடம் செய்துவிடும், கெட்டிக்காரர்கள்! சின்ன வகுப்புகளுக்கு, திசை மாறி மாறி இருக்கும் ஆங்கில 'E' எழுத்து அட்டைதான் சரி. எழுத்தே தெரிய வேண்டாம், கால்கள் எந்தப் பக்கம் என்று கையைக் காட்டினால் போதும்.

கம்ப்யூட்டர் செக்கப் மட்டும் செய்து உடனே கண்ணாடி வாங்குவதும் எனக்கு உடன்பாடில்லை. குழந்தையின் கண் தன்னையறியாமல் கிட்டத்தில் ஃபோகஸ் செய்துகொண்டே இருக்கும். அதனால் மெஷின் மைனஸ் பவரைக் கூட்டிக் காட்டும். சொட்டு மருந்து விட்டு அந்த ஃபோகஸைத் தளர்த்திய பிறகு பார்ப்பதுதான் உண்மையான பவர்.

2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு வருகிறது, கண்ணாடியும் இலவசமாகக் கிடைக்கிறது. கொடுத்த கண்ணாடி முகத்தில் இருக்கிறதா என்பது வேறு கதை. பாதி பைக்குள், மீதி பீரோவில். 'சோடாபுட்டி' என்ற கேலி ஒரு பக்கம், போட்டால் பவர் ஏறிவிடும் என்ற பயம் இன்னொரு பக்கம். பவர் ஏறுவது கண் வளர்வதால், கண்ணாடியால் அல்ல. பெண் குழந்தை என்றால் கல்யாணக் கவலை வேறு, அதுவும் ஆறு வயதில்.

சோம்பேறிக் கண்ணுக்குக் கண்ணாடியோடு நல்ல கண்ணை மூடி ஒட்டு போடச் சொல்வோம். மிதமான குறைபாட்டுக்குத் தினம் 2 மணி நேரமே 6 மணி நேரத்துக்குச் சமமான பலன் தந்ததாக 2003-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. பிள்ளை பிய்த்துப் போடத்தான் செய்யும். படம் வரையும் நேரத்தில் போட்டுவிட்டால் சண்டை குறையும்.

வீட்டில் நீங்களே ஒன்று செய்யலாம். தினசரி காலண்டரை எதிர்ச் சுவரில் மாட்டி, ஒவ்வொரு கண்ணாக உள்ளங்கையால் மூடி, தேதிக்குக் கீழே இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாத பிள்ளை என்றால் விரலைக் காட்டி எண்ணச் சொல்லலாம். ஒரு கண்ணுக்கும் மற்றதுக்கும் வித்தியாசம் தெரிந்தாலோ, குறிப்பிட்ட ஒரு கண்ணை மூடும்போது மட்டும் கையைத் தட்டிவிட்டாலோ கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். எதுவும் தெரியாவிட்டாலும் முகாமைத் தவறவிட வேண்டாம். மருத்துவரிடம் போவதைச் சனிக்கிழமை வைத்துக்கொள்வது நல்லது. சொட்டு மருந்து விட்டால் அன்றைக்கு முழுக்கக் கிட்டத்தில் மங்கலாகத்தான் தெரியும், ஹோம்வொர்க் நடக்காது.