பழைய தேதியில் ஒரு கையெழுத்து

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அலுவலகங்கள் மூடும் நேரத்தில், முன்பின் அறியாத ஒரு மனிதவள மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். "மேடம், எங்கள் உள்ளகக் குழுவில் நீங்கள் வெளி உறுப்பினராக இருக்க வேண்டும். உத்தரவு தயார். உங்கள் சம்மதக் கடிதம் மட்டும்தான் பாக்கி" என்றார். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தல் என்று பெண்கள் கொடுக்கும் புகாரை அலுவலகத்துக்குள்ளேயே விசாரிக்கும் குழு அது; நிறுவனத்தைச் சேராத ஒருவரும் அதில் இருக்க வேண்டும். அனுப்புங்கள் என்றேன். வந்த உத்தரவில் பதினான்கு மாதத்துக்கு முந்தைய தேதி இருந்தது. அதில் குழுத் தலைவராகக் குறிப்பிடப்பட்டிருந்த அம்மையார் அந்த நிறுவனத்தில் சேர்ந்தே எட்டு மாதம்தான் ஆகிறது என்பது பிறகு தெரிந்தது. வேலைக்குச் சேர்வதற்கு அரை வருடம் முன்பே தலைவராகிவிட்டார்!

"புகார் எப்போது வந்தது?" என்று கேட்டேன்.

சற்று நேரம் பதில் இல்லை. பிறகு, "திங்கட்கிழமை, மேடம்."

இந்த ஆண்டில் எனக்கு வந்த நான்காவது அழைப்பு இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பேச்சில் சூடு கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். (ஆட்களையும் இடங்களையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். புகார் விவரங்களை வெளியே சொல்வதை இதற்கான சட்டத்தின் 16-ஆம் பிரிவு தடுக்கிறது. அது எனக்கும் பொருந்தும்.)

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு 1997-இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் வகுத்த நெறிமுறைகள்தான் சட்டத்தின் இடத்தில் இருந்தன. ராஜஸ்தானில் ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற பன்வாரி தேவிக்கு 1992-இல் நேர்ந்த கொடுமையிலிருந்து பிறந்த வழக்கு அது. இன்றைக்கும் பலர் "விசாகா கமிட்டி" என்றுதான் சொல்கிறார்கள். பெயர் எதுவாகவும் இருந்துவிட்டுப் போகட்டும், குழு என்று ஒன்று இருந்தால் சரி.

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் குழு இருக்க வேண்டும். தலைமை அலுவலகத்தில் ஒன்று வைத்துவிட்டு ஏழு கிளைகளையும் அதிலேயே அடக்குவது செல்லாது; ஒவ்வொரு கிளைக்கும் தனிக் குழு வேண்டும். மூத்த பெண் பணியாளர் ஒருவர் தலைமை. பணியாளர்களிலிருந்து குறைந்தது இருவர். வெளியிலிருந்து ஒருவர். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் கிடையாது. இதில் புரியாதது என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

செலவுதான் காரணம் என்று யாராவது சொன்னால் சிரிப்பு வருகிறது. விதிப்படி வெளி உறுப்பினருக்குரிய படி, அமர்வு நடக்கும் நாளுக்கு 200 ரூபாய். போக்குவரத்துச் செலவு தனி. இதில் நான் வீடு வாங்கப் போவதில்லை.

ஓர் அலுவலகத்தில், குழு உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலை எங்கே ஒட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். கேண்டீன் வாசலுக்கு அழைத்துப் போனார்கள். சுவரோரம் தண்ணீர் கேன்கள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. மேல் வரிசையை இறக்கச் சொன்ன பிறகுதான் அட்டை கண்ணில் பட்டது. மூலை உரிந்து, ஈரம் ஏறி, எழுத்து நீலமாகப் பரவியிருந்தது. ஐந்து பெயர்கள். முதலாமவர் ஓய்வு பெற்றுவிட்டார். இரண்டாமவர் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார். மூன்றாமவரின் எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன், அப்படியோர் எண்ணே உபயோகத்தில் இல்லை. நான்காவது பெயர், நான் எந்தப் புகாரை விசாரிக்கப் போயிருந்தேனோ அந்தப் புகாரில் சொல்லப்பட்ட அதே மனிதர். ஐந்தாமவரைத் தேடிக் கேட்டபோது, தான் உறுப்பினர் என்பதே அவருக்குத் தெரியாது.

அந்தப் பெண் இந்த அட்டையைப் பார்த்திருந்தால் யாரிடம் போயிருப்பார்?

பழைய தேதி போட்டுக் காகிதத்தைச் சரிக்கட்டினால் பிரச்சினை முடிந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். கோவாவில் ஒரு பல்கலைக்கழகம் தொடர்பாக 2009-இல் எழுந்த புகார் அது. விசாரணையை அவசர அவசரமாக முடித்து, எதிர்த்தரப்புக்கு உரிய வாய்ப்பைத் தராமல் விட்டார்கள் என்பதற்காக, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்து மீண்டும் விசாரணைக் கட்டத்துக்கே திருப்பி அனுப்பியது. பதினான்கு ஆண்டுகள். நடைமுறையில் நீங்கள் விடும் ஓட்டைக்கு விலை கொடுப்பது புகார் கொடுத்தவர்தான். நேர்மையாக நடந்திருந்தால் ஒரே முறை சொல்லி முடித்திருக்க வேண்டியதை மறுபடியும் சொல்ல வைக்கிறீர்கள்.

இனி, என் பொறுமையை அதிகம் சோதிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். எந்தப் பயிற்சி வகுப்புக்குப் போனாலும் இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு கை எழும்: "பொய்ப் புகார் கொடுத்தால் என்ன நடவடிக்கை?" வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்க மாட்டார்கள், இதைத்தான் கேட்பார்கள்.

சட்டத்தில் அதற்கும் இடம் இருக்கிறது. 14-ஆம் பிரிவு. ஆனால் அந்தப் பிரிவை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. புகாரை நிரூபிக்க முடியவில்லை, போதிய ஆதாரம் தர முடியவில்லை என்பதற்காக மட்டும் புகார் கொடுத்தவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை என்று அதிலேயே தெளிவாக இருக்கிறது. கெட்ட நோக்கத்தோடு, பொய் என்று தெரிந்தே கொடுத்தார் என்பதைத் தனியாக விசாரித்து நிறுவ வேண்டும். நிரூபணமாகாத புகார் வேறு, பொய்ப் புகார் வேறு. பஸ்ஸில் உங்கள் பர்ஸ் திருட்டுப் போகிறது; திருடன் அகப்படவில்லை. உடனே உங்களிடம் பர்ஸே இருந்ததில்லை என்று நடத்துநர் முடிவு கட்டினால் ஒப்புக்கொள்வீர்களா? பண்டக அறையில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள், கேமரா இல்லை, ஒருவர் நடந்தது என்கிறார், மற்றவர் இல்லை என்கிறார். குழுவால் முடிவுக்கு வர முடியாமல் போகலாம். அதை அறிக்கையில் அப்படியே எழுத வேண்டும். "ஆதாரமில்லை, ஆகவே பொய்" என்று எழுதி என் கையெழுத்துக்கு நீட்டிய அறிக்கைகளை இதுவரை மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஆதாரம் என்றாலே கேமராப் பதிவு என்று நினைப்பதும் இதன் தம்பிதான். இது கொலை வழக்கு அல்ல. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்க்கிறோம். ஒரு விசாரணையில் சாட்சி ஒருவர்கூட இல்லை. வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு குறிப்பிட்ட தேதியிலிருந்து அந்தப் பெண் மதிய இடைவேளையை ஒரு மணியிலிருந்து இரண்டரைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். அதே வாரம் இருக்கையை மாற்றித் தரச் சொல்லி மேற்பார்வையாளருக்கு இரண்டு வரி மின்னஞ்சல், காரணம் எழுதாமல். புகார் கொடுத்ததோ இரண்டு மாதம் கழித்து. பசியோடு ஒன்றரை மணி நேரம் காத்திருக்கும் அளவுக்கு அவர் யாரைத் தவிர்த்தார் என்று கேட்டபோது எதிர்த்தரப்பிடம் பதில் இல்லை.

அடுத்தது சமாதானம். "அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது, அண்ணன் மாதிரி நினைத்து விட்டுவிடம்மா" என்று பேசி முடிக்கும் வேலையைக் குழுவுக்கு யாரும் கொடுக்கவில்லை. புகார் கொடுத்தவர் தானாகக் கேட்டால் மட்டுமே சமரசம். அப்போதும் பணம் கைமாறக் கூடாது.

நிர்வாகத்தில் இருப்பவர்களே, திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகக் குழு உத்தரவை எடுத்துப் பாருங்கள். மூன்று ஆண்டு தாண்டியிருந்தால் புதிதாகப் போடுங்கள். பட்டியலில் உள்ள எண்களுக்கு நீங்களே அடித்துப் பாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சிக்கு வந்தவர், தினக்கூலிக்குப் பெருக்க வருபவர் எல்லோரும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள் என்பதை உங்கள் மேற்பார்வையாளர்களுக்குச் சொல்லுங்கள். புகார் வந்தால் 90 நாளில் விசாரணையை முடியுங்கள். அறிக்கை கிடைத்த 60 நாளில் அதன்படி செயல்படுங்கள். குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். அந்தத் தொகைக்குப் பயந்தாவது செய்யுங்கள்.

பெண்களிடம் கேட்டுக்கொள்வது வேறு. நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம், ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே தேதி, நேரம், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அழகாக எழுத வேண்டும் என்பதில்லை. எழுத வராது என்றால் எழுதிக்கொள்ள உதவுவது குழுவின் கடமை. பத்துப் பேருக்குக் குறைவான இடம், அல்லது முதலாளியே எதிரில் நிற்பவர் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. வீட்டு வேலை செய்பவர்களும் அங்கே போகலாம். தாமதமாகிவிட்டதே என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து.

அந்த வெள்ளிக்கிழமை மேலாளர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். பழைய தேதியில் கையெழுத்துப் போட மாட்டேன், அன்றைய தேதியில் உத்தரவு போட்டால் வருகிறேன் என்றேன். இரண்டு நாள் மௌனம். மூன்றாம் நாள் அன்றைய தேதியிட்ட உத்தரவு வந்தது. விசாரணை நடந்துகொண்டிருக்கிறது, அதைப் பற்றி மேற்கொண்டு பேச முடியாது. நுழைவாயிலில் புதுப் பெயர் அட்டை ஒட்டியாகிவிட்டது என்று நேற்றுப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். என் கைபேசி எண்ணில் ஓர் இலக்கம் தவறாக இருந்தது. திருத்தச் சொல்லியிருக்கிறேன்.