மலை இறக்கத்துக்குச் சைக்கிள் தயாரா?

நீலகிரி, வால்பாறை, கொல்லிமலை என்று மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் பட்டறைக்கு வந்ததும் முதலில் கேட்பது கியரைப் பற்றித்தான். "இந்த வண்டி ஏறுமா?" ஏறாவிட்டால் இறங்கித் தள்ளலாம், கூடுதலாக இரண்டு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனால் மாற்று வழி எதுவும் இல்லை. ஆனாலும் பிரேக் கட்டையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லித் தாமாகக் கேட்பவர்கள் குறைவு.

மலைப்பாதைகளில் 'ஏறிய கியரிலேயே இறங்கவும்' என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். பேருந்துக்கும் லாரிக்கும் இன்ஜினே பாதி பிரேக். சைக்கிளில் பெடல் மிதிப்பதை நிறுத்தியதும் ஃப்ரீவீல் தன்பாட்டுக்குச் சுற்றும். எந்த கியரில் இருந்தாலும் இறக்கத்தில் ஒன்றுதான். மொத்தச் சுமையையும் தாங்குவது முன்னே ஒரு ஜோடி, பின்னே ஒரு ஜோடி பிரேக் கட்டைகள் மட்டுமே.

அந்தச் சுமை எவ்வளவு? குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். ஆள் 70 கிலோ, சைக்கிள் 13, மூட்டை 12 என்றால் 95 கிலோ. இது 1,500 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 1,400 கிலோஜூல். நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். ஒரு பகுதி காற்றிலும் டயர் உராய்விலும் போய்விடும். மிச்சமெல்லாம் ரிம்மிலோ டிஸ்க்கிலோ சூடாக இறங்குகிறது. அதே கட்டைகள் சமவெளியில் ஒரு வருடம் தாங்கியதென்றால், அதை வைத்து மலைக்குக் கணக்குப் போட முடியாது.

ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள் கட்டையைக் கழற்றி அதன் முகத்தைப் பாருங்கள். கட்டையில் குறுக்கே வெட்டிய பள்ளங்கள் மறைந்திருந்தால் ஆயுள் முடிந்தது. பள்ளம் இருந்தாலும் முகத்தில் வெள்ளி நிறத்தில் சிறு துணுக்குகள் மின்னினால், அவை ரிம்மிலிருந்து பெயர்ந்து கட்டைக்குள் புதைந்த அலுமினியம். ஊசி முனையால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துவிட்டு, முகத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்க்க வேண்டும். விட்டுவிட்டால் அவை ரிம்மை அறுத்துக்கொண்டே இருக்கும். பிரேக் பிடிக்கும்போது கரகரவென்று வரும் சத்தம் பெரும்பாலும் இதுதான். ரிம்மின் பக்கச் சுவரில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டியது கிண்ணம் போலக் குழிந்திருந்தால் அந்த ரிம் மலைக்கு ஆகாது. உள்ளே காற்றழுத்தம், வெளியே சூடு என்ற நிலையில் தேய்ந்த சுவர் பிளந்துகொள்ளும். கட்டை டயரை உரசுகிறதா என்பதையும் கவனியுங்கள். ஒரு மில்லிமீட்டர் மேலே ஏறியிருந்தாலும் போதும், நீண்ட இறக்கத்தில் டயரின் பக்கம் அறுந்து டியூப் வெடிக்கும்.

ரிம் சூடேறினால் இன்னொரு தொல்லையும் உண்டு. டியூபில் ஒட்டிய பஞ்சர் ஒட்டுகள் இளகும். நாலைந்து ஒட்டுப் போட்ட டியூபை ஊருக்குள் ஓட்ட வைத்துக்கொள்ளுங்கள். மலைக்குப் புது டியூப் போடுங்கள். பழையது உபரியாகப் பையில் இருக்கட்டும்.

டிஸ்க் பிரேக் என்றால் கவலையே இல்லை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கவலை குறைவு என்பது சரி. ஷிமானோ டிஸ்க் புதிதில் 1.8 மில்லிமீட்டர் தடிமன், 1.5-க்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும். கட்டையில் உராயும் பகுதி அரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மிச்சமிருந்தாலே நீண்ட பயணத்துக்குப் புது ஜோடி நல்லது, பழையது பையில். பிசின் கலவையில் செய்த ரெசின் கட்டை சத்தமில்லாமல் நன்றாகப் பிடிக்கும். அதிகச் சூட்டில் அதன் முகம் கண்ணாடி போல மினுமினுப்பாகிப் பிடி போய்விடும். மழையில் மண் கலந்த தண்ணீர் பட்டால் ஒரே நாளில் பாதி கரைந்தும் போகும். உலோகக் கட்டை சூட்டையும் மழையையும் தாங்கும். ஆனால் ரெசின் கட்டைக்கு மட்டும் என்று பொறித்திருக்கும் டிஸ்க்கில் அதைப் போட்டால் டிஸ்க் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

கேபிளால் இழுக்கும் டிஸ்க் பிரேக்கில் கட்டை தேயத் தேய லீவர் ஹேண்டில்பாரை நோக்கி நெருங்கி வரும். பல மாடல்களில் உள்பக்கக் கட்டை தானாக நகராது, கட்டைகளைத் தாங்கியிருக்கும் காலிப்பரின் உள்பக்கத்தில் இருக்கும் திருகைக் கையால்தான் திருக வேண்டும். எந்தச் சாவி, எந்தப் பக்கம் திருகினால் நெருங்கும் என்பதை வீட்டிலேயே ஒருமுறை செய்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஹைட்ராலிக் வைத்திருப்பவர்கள் எண்ணெய் விஷயத்தில் ஜாக்கிரதை. மினரல் ஆயில் கேட்கும் பிரேக்கில் பைக்குக்கு ஊற்றும் டாட் திரவத்தை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் உப்பி மொத்தமும் பழுதாகும். வழியில் இருக்கும் பைக் மெக்கானிக் நல்லெண்ணத்தோடுதான் ஊற்றித் தருவார்.

இனி கையாளும் விதம். கிளம்புமுன் எந்த லீவர் எந்தச் சக்கரத்துக்கு என்று பாருங்கள். நம் ஊரில் வழக்கமாக வலது கை முன் பிரேக். சில வெளிநாட்டு மாடல்களில் மாறியிருக்கும். முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்று பயந்து பின் பிரேக்கையே தொடர்ந்து அழுத்திக்கொண்டு வருகிறவர்களின் பின் கட்டைதான் முதலில் வேகிறது. இறக்கத்தில் எடை முன்னே சாய்வதால் வண்டியை நிறுத்தும் வலு பெருமளவு முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, உடம்பைச் சீட்டின் பின்பக்கம் தள்ளி, வளைவுக்கு முன்பே அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். பிறகு முழுவதுமாக விடுங்கள். வளைவுக்குள் பிரேக்கை விட்டபடியே திரும்ப வேண்டும். இடையில் கிடைக்கும் சில விநாடிகளில்தான் ரிம்மும் டிஸ்க்கும் காற்றில் ஆறும். லேசாக உரசியபடியே பத்து கிலோமீட்டர் இறங்குவதுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது.

லீவர் வழக்கத்தைவிட உள்ளே போனாலோ கருகல் வாடை வந்தாலோ உடனே ஓரம் கட்டி நிறுத்துங்கள். பத்து நிமிடம் போதும். டிஸ்க்கைத் தொட வேண்டாம், தண்ணீரும் ஊற்ற வேண்டாம். திடீரென்று குளிர்ந்தால் கோணிக்கொள்ளும். பலமான பிரேக் உள்ள கார்களே தடுமாறும் கல்லட்டிப் பாதையில், உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்க வெளியூர் வாகனங்களுக்குத் தடை இருப்பது சும்மா இல்லை. 36 கொண்டை ஊசி வளைவு கொண்ட அந்தச் சரிவில் மூட்டையோடு சைக்கிளில் இறங்குவதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

கியரையும் சொல்லிவிடலாம். ஏழு சதவீத ஏற்றத்தில் 95 கிலோவை மணிக்கு 7 கிலோமீட்டரில் நகர்த்தச் சுமார் 140 வாட் வேண்டும். சாதாரண உடல்வாகுக்கு மணிக்கணக்கில் தாங்குவது அதை ஒட்டித்தான். முன்னே 48, பின்னே 28 பல் என்றால் அந்த வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 31 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு மிதியும் முழங்காலில் விழும். முன்னே 32, பின்னே 34 பல் என்றால் 57 சுற்று, மூச்சு வாங்கும், முழங்கால் தப்பிக்கும். பின்னால் பெரிய பல்சக்கரம் மாட்டும்போது செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் டிரெய்லியர் (derailleur) அதைத் தாங்குமா, செயின் நீளம் போதுமா என்று பார்க்காமல் மாற்றக் கூடாது. செயின் குட்டையாக இருந்து முன்னேயும் பின்னேயும் பெரிய பல்சக்கரத்திலேயே விழுந்தால் டிரெய்லியர் பிய்ந்துகொண்டு வரும். சக்கரத்தோடு சேர்த்து உடைவதும் உண்டு.

மூட்டையை முதுகில் சுமக்காதீர்கள். கேரியரின் இருபக்கமும் சம எடையில், கனமான பொருள் அடியில் இருக்கும்படி கட்டுங்கள். கேரியர் போல்ட்டுகள் தினமும் தளரும். 4 எம்எம் ஆலன் சாவியால் காலையில் ஒருமுறை இறுக்குவது பழக்கமாக வேண்டும். ஹேண்டில்பாரில் பை தொங்கினால் வேகமான இறக்கத்தில் முன்பக்கம் கிடுகிடுவென்று ஆடத் தொடங்கும். அப்போது ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் கூடும். இரண்டு முழங்காலாலும் சைக்கிளின் மேல் குழாயை அணைத்துக்கொண்டு மெதுவாகப் பிரேக் பிடிக்க வேண்டும். உபரியாகப் பின்சக்கரத்தின் இரு பக்கத்துக்குமான ஸ்போக் கம்பிகள் மூன்று (வலப்பக்கமும் இடப்பக்கமும் நீளம் வேறு), செயின் இணைப்புக் கண்ணி ஒன்று, டிரெய்லியர் மாட்டும் காது ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காது ஒவ்வொரு மாடலுக்கும் வேறு. குன்னூரில் தேடினாலும் கிடைக்காது.

ஏறும்போது மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் தண்ணீர், வியர்வை அதிகமென்றால் அதில் ஓஆர்எஸ். பாக்கெட்டில் போட்டிருக்கும் தண்ணீர் அளவை மாற்ற வேண்டாம். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் குடுவையை அடிவாரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கடலை மிட்டாயும் வாழைப்பழமும் பசிப்பதற்கு முன்பே உள்ளே போக வேண்டும். உச்சியில் டீ குடித்துவிட்டு ஈரச் சட்டையோடு அப்படியே இறங்குவதுதான் பலரும் செய்வது. பத்து நிமிடத்தில் விரல்கள் மரத்து லீவர் எவ்வளவு அழுந்துகிறது என்றே தெரியாது. இறங்குமுன் சட்டையை மாற்றி, காற்றுத் தடுக்கும் மேலுடையும் முழு விரல் கையுறையும் போடுங்கள். இல்லாவிட்டால் டீக்கடையில் ஒரு செய்தித்தாள் வாங்கி நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவே செருகுங்கள்.

கொண்டை ஊசி வளைவில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. பேருந்து திரும்பச் சாலை முழுவதும் தேவைப்படும், முன்பே நின்று விடுங்கள். வளைவில் லாரியின் உள்பக்கம் நுழையவே கூடாது. அதன் பின்சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு வரும், ஓட்டுநருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். சில வளைவுகளில் தாருக்குப் பதில் சிமென்ட் கற்கள் பதித்திருப்பார்கள். பாசியும் டீசலும் படிந்து நனைந்திருந்தால் அங்கே டயர் பிடிக்காது, நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். மழையில் ரிம் பிரேக் முதல் ஒன்றிரண்டு சுற்றுக்குத் தண்ணீரைத்தான் துடைக்கும், அதன்பின்தான் பிடிக்கும். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் நடந்த மண்சரிவுகள் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டிப்போட்டன. பலாப்பழ சீசனில் பர்லியார் வட்டாரத்தில் யானைகள் சாலைக்கு வரும். விடியுமுன்னும் பொழுது சாய்ந்த பின்னும் அங்கே சைக்கிளில் வேலை இல்லை.

அடிவாரத்துக்கு வந்ததும் அரை மணி ஆறவிட்டு, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். கோட்டம் விழுந்திருக்கிறதா, ஸ்போக் கம்பி ஏதாவது தளர்ந்திருக்கிறதா, கட்டையில் புதிதாக அலுமினியத் துணுக்கு ஏறியிருக்கிறதா, லீவர் தலைப்பில் கேபிள் இழை பிரிந்திருக்கிறதா. ஒரு இழை பிரிந்திருந்தாலும் கேபிளை அன்றே மாற்றுங்கள்.