சத்து மாத்திரை உடலில் ஏறாதபோது: ஈசினோஃபில் குடலழற்சியைக் கவனிக்க வேண்டிய தருணம்

ரத்தப் பரிசோதனைத் தாளில் ஈசினோஃபில் என்ற வரிக்கு எதிரே தடித்த எழுத்தில் ஓர் எண் இருந்தால், அதை அலர்ஜி என்றோ பூச்சி என்றோ உடனே முடிவுகட்டிவிடுகிறோம். ஒரு பூச்சி மாத்திரை, சில நாள் அலர்ஜி மாத்திரை, அதோடு சரி. பல சமயம் அது போதுமானதாகவும் இருக்கும். ஆனால் அதே தாளில் ஹீமோகுளோபினும் குறைந்திருக்கிறது, ரத்தத்தின் முக்கியப் புரதமான ஆல்புமினும் குறைந்திருக்கிறது, பரிசோதித்துக்கொண்டவருக்கு மாதக்கணக்கில் வயிறும் சரியில்லை என்றால் விஷயம் வேறு. ரத்தசோகைக்கு ஒருவர், வயிற்றுப்போக்குக்கு ஒருவர், கால் வீக்கத்துக்கு ஒருவர் என்று தனித்தனியாக மருத்துவம் பார்த்துவிட்டுத்தான் பலர் குடல்நோய்ப் பிரிவுக்கு வருகிறார்கள். எல்லாவற்றுக்கும் வேர் சிறுகுடலில் இருந்திருக்கும்.

ஈசினோஃபில் ஒரு வகை வெள்ளையணு. ரத்தத்தின் வெள்ளையணுக்களில் இவற்றின் பங்கு வழக்கமாக 1 முதல் 4 சதவீதம். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்கு மேல் போனால் அதிகம் என்கிறோம். புழுக்களை எதிர்ப்பதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. உணவுக்குழாயைத் தவிர இரைப்பையிலும் குடலிலும் கொஞ்சம் ஈசினோஃபில் இருப்பது இயல்பு. அங்கே எதிர்க்க வேண்டிய புழுவோ கிருமியோ எதுவுமே இல்லாதபோது இவை கூட்டமாக வந்து குவிந்து, தம்முள் இருக்கும் நச்சுப் புரதங்களைக் கொட்டிக் குடல் சுவரையே புண்ணாக்குவதுதான் ஈசினோஃபிலிக் கேஸ்ட்ரோஎன்டரைட்டிஸ், அதாவது ஈசினோஃபில் குடலழற்சி. நோயாளிகளில் சுமார் பாதிப் பேருக்கு ஆஸ்துமா, தோல் அரிப்பு, மூக்கொழுகல், உணவு ஒவ்வாமை என்று ஏதாவது ஒன்று ஏற்கெனவே இருக்கும். சில உணவுகள் இந்த அழற்சியைத் தூண்டிவிடுகின்றன என்பதும் தெரிந்த விஷயம். அரிதான நோய்தான். ஆனால் தேடினால்தான் அகப்படும் என்பதால், உண்மையில் இருப்பதைவிட அரிதாகவே தெரிகிறது என்பது என் எண்ணம்.

1937-இல் கைசர் என்ற மருத்துவர் இதை முதலில் விவரித்தார். 1970-இல் கிளைனும் அவருடன் பணியாற்றியவர்களும் குடல் சுவரின் எந்த அடுக்கு பாதிக்கப்படுகிறது என்பதை வைத்து இதை மூன்றாகப் பிரித்தார்கள். அந்தப் பிரிவு இன்றைக்கும் நோயாளியின் படுக்கையருகே உதவுகிறது. தசை அடுக்கில் வந்தால் குடல் தடித்து, அடைப்புபோல வலியும் வாந்தியும் வரும். வெளி உறையில் வந்தால் வயிற்றில் நீர் கோக்கும். அந்த நீரை எடுத்துப் பார்த்தால் ஈசினோஃபில் நிறைந்திருக்கும். இவை இரண்டும் ஆளை மருத்துவமனைக்கு ஓடவைக்கும், அதனால் எப்படியும் கண்ணில் பட்டுவிடும். சத்தமில்லாமல் ஆளைக் கரைப்பது மூன்றாவது வகை. அதுதான் அதிகம் காணப்படுவதும்கூட. உட்புறச் சளிப்படலத்தில் வரும் அழற்சி அது.

சிறுகுடலின் உட்புறம் முழுக்கக் குடலுறிஞ்சிகள் என்ற மிக நுண்ணிய விரல் போன்ற நீட்சிகள் இருக்கின்றன. சாப்பிட்டது உடம்பில் சேர்வது இவற்றின் வழியாகத்தான். அழற்சி நீடித்தால் இவை குட்டையாகித் தட்டையாகின்றன. இவற்றின் விளிம்பில் இருக்கும், பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குறைகிறது. அதனால் இத்தனை நாள் ஒத்துக்கொண்ட பால் திடீரென்று வயிற்றை உப்பவைக்கிறது, போக்கு வருகிறது. இரும்புச் சத்து பெரும்பாலும் உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதியான டியோடினத்தில். இந்த நோய் அடிக்கடி குறிவைப்பதும் அந்த இடத்தைத்தான். அதனால்தான் இரும்பு மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல் விழுங்கியும் ஹீமோகுளோபின் நகர்வதில்லை. புண்பட்ட படலத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் ரத்தமும் கசியலாம். கொழுப்பு உறிஞ்சப்படாவிட்டால் மலம் வெளிறி, எண்ணெய்ப் பிசுக்கோடு, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் ஒட்டிக்கொள்ளும். கொழுப்போடு சேர்ந்து வரவேண்டிய ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் வீணாகும். டி குறைந்தால் எலும்பு வலி, கே குறைந்தால் சிறு அடிக்கே கன்றிப்போகும் தோல். சிறுகுடலின் கடைசிப் பகுதியும் பாதிக்கப்பட்டால் பி12 குறையும்.

இதோடு முடிவதில்லை. உறிஞ்சாமை வேறு, ஒழுகல் வேறு; இந்த நோயில் இரண்டும் சேர்ந்தே வரலாம். புண்பட்ட குடல் சுவர் வழியாக ரத்தத்தில் உள்ள புரதம் குடலுக்குள் கசிந்து போகிறது. கல்லீரல் ஆல்புமினைத் தயாரித்துக்கொண்டேதான் இருக்கும், ஆனால் போகிற வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. ஓட்டைக் குடத்தில் எவ்வளவு நீர் ஊற்றினாலும் நிற்காது, இல்லையா? அதே கதைதான். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின்மீது கட்டைவிரலால் சில விநாடி அழுத்திவிட்டு எடுத்தால் விரல் பதிந்த இடத்தில் குழி அப்படியே நிற்கும். காலையில் கண்ணிமை ஊதியிருக்கும். உடனே சிறுநீரகத்தைப் பார்ப்பார்கள், சிறுநீரில் புரதம் இருக்காது. கல்லீரல், இதயம் இரண்டும் நன்றாக இருக்கும். அங்கேயே நின்றுவிடாமல், ‘அப்படியானால் புரதம் எங்கே போகிறது?’ என்று கேட்க வேண்டும். மலத்தில் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் அளவைப் பார்த்தால் பதில் கிடைக்கும். அந்தப் புரதம் குடல் நொதிகளால் செரிக்கப்படுவதில்லை. எனவே மலத்தில் அது கூடுதலாக இருந்தால், கசிவது குடலில்தான்.

நோயாளிகளை மிகவும் வருத்துவது வேறொன்று. ‘ஒழுங்காகச் சாப்பிட்டால் ரத்தம் ஏறாதா?’ என்று வீட்டிலும் சொல்வார்கள், சில சமயம் மருத்துவரும் சொல்வார். சாப்பிட்டும் மெலிகிற ஒருவரிடம் இதைச் சொல்வது அநியாயம். குழந்தைகள் விஷயத்தில் அம்மாமீது பழி விழுகிறது. ஒரு குழந்தையின் எடை நின்றுபோய், அடுத்து உயரமும் நின்றுபோனால், ‘சரியாக ஊட்டுவதில்லை’ என்று சொல்லும் முன் அந்தக் குழந்தையின் குடலைப் பற்றி யோசிக்க வேண்டும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ரத்தத்தில் ஈசினோஃபில் இயல்பாக இருக்கிறது என்பதாலேயே இந்த நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. குறைந்தது ஐந்தில் ஒருவருக்கு ரத்த எண்ணிக்கை சாதாரணமாகவே இருக்கும். எண்டோஸ்கோப்பியில் சிவந்தோ திட்டுத்திட்டாகவோ தெரியலாம். எதுவுமே தெரியாமலும் போகலாம். அதனால் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பயாப்ஸி, அதாவது சோதனைக்கான சிறு திசுத் துணுக்கு, எடுத்தே ஆக வேண்டும். அதுவும் ஒரே இடத்தில் எடுத்தால் போதாது. நோய் ஓரிடத்தில் இருக்கும், பக்கத்திலேயே இருக்காது. ஆகவே இரைப்பையிலிருந்தும் டியோடினத்திலிருந்தும் பல துணுக்குகள் வேண்டும். அப்புறம், பயாப்ஸியைப் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவரிடம் ‘ஈசினோஃபில் எண்ணிப் பாருங்கள்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நுண்ணோக்கியின் உயர் பெருக்கத்தில் ஒரு புலத்துக்கு எத்தனை என்று எண்ணுகிறார்கள். இரைப்பையிலும் டியோடினத்திலும் 30 என்ற அளவை ஆய்வுகளில் எல்லையாக வைக்கிறார்கள்; சில இடங்களில் 20-ஐயே எல்லையாகக் கொள்வதும் உண்டு. நோய் தசையிலோ வெளி உறையிலோ மட்டும் இருந்தால் இந்தத் துணுக்குகளில் சிக்காது. அங்கே சிடி ஸ்கேனும் வயிற்று நீரும்தான் துணை.

பயாப்ஸிக்கு முன்னால், அழற்சியை அடக்கும் மருந்தான ஸ்டீராய்டைச் சாப்பிட்டுவிட்டால் அணுக்கள் மறைந்துவிடும், விடை கிடைக்காது. அலர்ஜிக்கு என்று யாராவது கொடுத்த மாத்திரையில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது அவசியம். அதேபோல, கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். குடலுறிஞ்சிகள் தட்டையாகிச் சத்து உறிஞ்சப்படாமல் போவது அந்த நோயிலும் நடக்கும். கோதுமையை விட்டுவிட்டு வந்தால் பரிசோதனை பொய் சொல்லும்.

குடலில் ஈசினோஃபில் கூடினாலே இந்த நோய்தான் என்று சொல்லிவிட முடியாது. க்ரோன் நோய் என்ற நீடித்த குடல் அழற்சி, சில மருந்துகள், ரத்தக்குழாய் அழற்சி, லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவற்றிலும் கூடும். ரத்தத்தில் ஈசினோஃபில் எண்ணிக்கை 1500-க்கு மேல் நீடித்தால் இதயம், நுரையீரல் போன்ற மற்ற உறுப்புகளையும் பார்க்க வேண்டும். ஆனால் நான் எதையும்விடக் கவனமாகத் தேடுவது ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழுவை. வெறுங்காலில் மண் வழியாகத் தொற்றி, உடலுக்குள்ளேயே திரும்பத் திரும்பப் பெருகிப் பல பத்தாண்டுகள் தங்கிவிடும் புழு அது. ஒரு முறை மலத்தைப் பார்த்தால் தப்பிவிடக்கூடும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பரிசோதனை கூடுதல் பயன் தரும். வழக்கமாக ஒரே வேளை போடும் அல்பெண்டசோல் மாத்திரை இதற்குப் போதாது, ஐவர்மெக்டின் தேவை. இந்தப் புழு இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் அது உடல் முழுக்கப் பரவி உயிரையே எடுத்துவிடலாம். தொற்று இருக்க வாய்ப்புள்ளவர்களுக்கு இந்தப் பரிசோதனை முடியாமல் ஸ்டீராய்டைத் தொடங்கக் கூடாது.

நோய் உறுதியானால் வழக்கமாகப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, நாளுக்கு 20 முதல் 40 மில்லிகிராம், ஏறத்தாழ இரண்டு வாரம் கொடுத்துப் படிப்படியாகக் குறைக்கிறோம். பெரும்பாலோருக்குச் சில நாட்களிலேயே நல்ல மாற்றம் தெரியும். பிரச்சினை அதற்குப் பிறகு. சிலருக்கு ஒரே தடவையோடு போய்விடும், சிலருக்கு விட்டுவிட்டு வரும், சிலருக்கு விடாமல் இருக்கும். ஸ்டீராய்டை நீட்டிக்கொண்டே போனால் ஏற்கெனவே கால்சியமும் வைட்டமின் டியும் இல்லாமல் மெலிந்த எலும்பு இன்னும் மெலியும். அதனால் குடலிலேயே பெருமளவு வேலை செய்யும் இன்னொரு ஸ்டீராய்டான புடெசொனைடுக்கு மாறுகிறோம், அல்லது உணவில் கைவைக்கிறோம். பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டைகள், மீன் வகை என்ற ஆறையும் நிறுத்திவிட்டு, குணமானதும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது ஆகவில்லை என்று பார்ப்பது ஒரு முறை. உணவியல் நிபுணர் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். ஏற்கெனவே சத்திழந்த உடம்பில் ஆறு வகை உணவை நிறுத்தினால் நிலைமை மோசமாகும். குழந்தைகளுக்கு இது இரட்டிப்பு ஆபத்து.

புதிய ஊசி மருந்துகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். டுபிலுமாப் 2022-இல் உணவுக்குழாயில் வரும் ஈசினோஃபில் நோய்க்கு அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் ஆய்வு செய்யப்பட்ட லிரென்டெலிமாப் ஈசினோஃபில்களை வெகுவாகக் குறைத்தது, ஆனால் பெரிய ஆய்வில் நோயாளியின் தொந்தரவை எதிர்பார்த்தபடி குறைக்கவில்லை. அணுவின் எண்ணிக்கை மட்டும் இறங்கினால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

சத்துக் குறைவையும் அழற்சியோடு சேர்த்தே சரிசெய்ய வேண்டும். குடல் ஆறும்வரை மாத்திரை சரிவர ஏறாது. எனவே தேவைப்பட்டால் இரும்பை ரத்தநாளம் வழியாகவும், பி12-ஐ ஊசியாகவும் கொடுக்கிறோம். குடல் ஆறிய பிறகு பலருக்குப் பால் மறுபடி ஒத்துக்கொள்கிறது. வயிற்றுவலி நின்றதும் மருத்துவமனைப் பக்கம் வராமல் இருந்துவிடாதீர்கள். ஆல்புமின், இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் டி மூன்றும் இயல்புக்கு வந்து, எடையும் ஏறிய பிறகுதான் குடல் மறுபடி வேலை செய்கிறது என்று நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.